குவாரி வாசலில் இரண்டு கடைகள்

முனிலட்சுமி: அந்தக் குண்டானைப் பாத்துத் தூக்கு முத்து. சூளகிரில இறக்கறப்ப நசுங்கி இருந்துச்சுன்னா... உன்னைத்தான் கேப்பேன்.

முத்துக்குமார்: நசுங்குனா மட்டும் உன் சாம்பார் இதைவிட மோசமா ஆயிடுமா அக்கா?

முனிலட்சுமி: அந்தச் சாம்பாரைத்தான் தெனமும் ரெண்டாந்தடவ ஊத்தச் சொல்லித் தின்ன!

முத்துக்குமார்: வேற கதி? குவாரி வாசல்ல இருந்தது ரெண்டே கடை. உன் மெஸ்ஸு, என் ஒர்க்‌ஷாப்பு. என் கடையில கம்ப்ரசர் ஆயில்தான் கெடைக்கும்.

முனிலட்சுமி: இனி அதை நீயே குடி. டெம்போக்காரரு ஹாரன் அடிக்கறாரு பாரு.

முத்துக்குமார்: எங்க... ஆங், ஆமா. அடிக்கட்டும். கல்லு தீந்து, லீசு முடிஞ்சு, குவாரியே மூடியாச்சு. இன்னும் என்ன அவசரம்?

முனிலட்சுமி: உனக்கில்ல. எனக்கு நாளைக்குக் கேன்டீன் தெறக்கணும். அந்தத் திட்ட ஆபீசு மேடம் வூடு வூடா வந்து சொன்னாங்களே, குவாரியை நம்பிக் கடை வெச்சவங்களுக்குப் சூளகிரி புதுத் தொழிற்பேட்டையில எடம் தரோம், பயிற்சி தரோம்னு. நான் புடிச்சுக்கிட்டேன். உனக்கும் என் பக்கத்து ஷெட்டு, டூவீலர் ஒர்க்‌ஷாப்பு... வேணாம்னுட்டு வந்து நிக்கற.

முத்துக்குமார்: எனக்கு ஒத்து வராதுக்கா.

முனிலட்சுமி: பாறை ஒடைக்கற மெஷினையே பிரிச்சு மாட்டுன கைக்கு ஒரு பைக்கு பெரிசா?

முத்துக்குமார்: அது வேற... இது வேற.

முனிலட்சுமி: பயிற்சிக்குப் போன எடத்துல எவனாச்சும் எதாச்சும் சொன்னானா?

முத்துக்குமார்: சேச்சே. நல்லாத்தான் நடத்துனாங்க. டீ, வடை எல்லாம் குடுத்தாங்க.

முனிலட்சுமி: வடைக்கா போன?

முத்துக்குமார்: விடேன்க்கா... ஓசூர்ல மச்சான் கம்பெனியில லோடு ஏத்த ஆள் கேக்கறாங்க. போறேன்.

முனிலட்சுமி: சொந்தக் கடை வெச்சிருந்தவன் மூட்டை தூக்கப் போறியா? பூங்கொடி என்னா சொல்றா?

முத்துக்குமார்: உன் தங்கச்சிகிட்ட ஷெட்டு கெடைக்கலன்னு சொல்லியிருக்கேன். நீயும் அப்படியே சொல்லு.

முனிலட்சுமி: கட்டுனவகிட்டயே பொய்யா? கெளம்பு. இப்பவே மேடமைப் பாப்போம், நான் பேசறேன்.

முத்துக்குமார்: பேசி ஆகப்போறது இல்லக்கா. அந்த ஷெட்டை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க. நேத்து போயி... கையெழுத்துப் போட்டு விட்டுக் குடுத்துட்டேன்.

முனிலட்சுமி: அட பாவி...

முத்துக்குமார்: அழாத. நல்ல நாளும் அதுவுமா.

முனிலட்சுமி: எதுக்குடா? எங்கிட்டயாச்சும் சொல்லு.

முத்துக்குமார்: ...அங்க ஒரு வண்டிய ஸ்டார்ட் பண்ணி, "சத்தத்தை வெச்சு என்ன கோளாறுன்னு சொல்லுங்க"ன்னாங்க. சின்னப் பசங்கல்லாம் சொன்னாங்க. எனக்கு வண்டி ஆடுறதுதான் தெரிஞ்சுது... ட்ரில்லு பக்கத்துலயே நின்னு நின்னு காது போயிடுச்சுக்கா. வாயசைவைப் பாத்துத்தான் காலத்தை ஓட்டறேன். பூங்கொடிக்குக்கூடத் தெரியாது.

முனிலட்சுமி: எனக்குத் தெரியும் முத்து... என்னிக்காச்சும் உனக்கு முதுகைக் காட்டிப் பேசியிருக்கேனா? வெளிய சொன்னா உன் மனசு நோகும்னு பொத்திப் பொத்தி வெச்சேன். அந்த மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வெல்டிங் கடையாச்சும் போட்டுக் குடுத்திருப்பாங்களேடா...