சிக் ரூம் அலுமாரித் திறப்பு

...அதத்தான் தம்பி நானும் கேக்குறன்! ஒரு பிள்ளைக்கு ஒரு பனடோல் குடுக்க நாலு கையெழுத்தா? டொக்டர்ர கையெழுத்து, உம்மாட கையெழுத்து, வாப்பாட கையெழுத்து, கடசியா என்ட கையெழுத்து. அதுக்குள்ள தலயிடி தானா மாறி பிள்ள வீட்டுக்கும் போயிரும். இரிங்க, அந்தக் கதிரையில இரிங்க. ஐயோ அதில்ல, அதுக்குக் கால் ஆடும், மத்தது. ஆ... நிக்கிறதெண்டா நில்லுங்க, எனக்கென்ன. மணியப் பாக்காதீங்க மஸாஹிர் தம்பி. எட்டு மணிதானே, படகு எட்டரைக்குத்தான் வெளிக்கிடும். உங்கட மகள்ர மூச்சுக்கு அடிக்கிற பம்ப் இந்த அலுமாரிக்குள்ள பத்திரமா இருக்கு. அலுமாரி பூட்டி இருக்கு. திறப்பு... திறப்பும் இங்கதான் எங்கயோ இருக்கு. இப்ப எடுத்துத் தாறன், கொண்டு போய் றுஷ்னாட கையில குடுங்க, பிள்ள வகுப்போட உச்சமுனைத் தீவப் பாத்துட்டு சந்தோசமா வரட்டும். பதினொரு வருசமா இந்த எமிலியா அன்டி இந்த சிக் ரூமப் பாக்குறா. ஒரு பிள்ளைட ஒரேயொரு குளிச தொலஞ்சிருக்கா? ஸ்கூல் முழுக்கக் கேட்டுப் பாருங்க!

பிள்ளையளக் கூட்டிட்டுப் போற மெரினா டீச்சர் போன்ல என்னவாம்? பம்ப் கையில இல்லாம இழுப்புக்காரப் பிள்ளையப் படகுல ஏத்தமாட்டன் எண்டாவா? அது சரிதான். அதுக்கு நான் குத்தம் சொல்லமாட்டன். தண்ணிக்கு நடுவுல பிள்ளைக்கு இழுத்தா ஆரு பொறுப்பு? ஆனா மத்தச் சட்டம் இருக்கே... இந்தா, இந்தப் புத்தகம். பதினாலு பக்கம்! போன வருசம் எங்கட பிரின்சிபல் சிஸ்டர் கொழும்புல ஏதோ கூட்டத்துக்குப் போயிட்டு வந்தா, வந்து இத எழுதினா. மருந்து அதது வந்த பெட்டியிலயே வரணும். பெட்டியில பிள்ளைட பேர் இருக்கணும். காச்சல் விட்டு முழுசா ஒரு நாள் போகாம வகுப்புக்குள்ள கால் வைக்கப்படா. பாம் பூசுறதுக்கும் ஃபோம் நிரப்பணும்! நெத்தியில பாம் பூச ஃபோம் கேட்ட ஊர் எங்கயும் இருக்கா தம்பி?

மேசை லாச்சியில இல்ல. மேல் லாச்சியிலயும் இல்ல... என்ன சொன்னன்? ஆ, ஃபோம். அதுல ஆக்கள் எழுதுறதப் பாத்தா சிரிச்சே சாவீங்க. ‘பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத பொருட்கள்’ எண்டு ஒரு கோடு இருக்கு. ஒரு தாய் எழுதியிருக்கா, ‘கணக்குப் பாடம்’. சத்தியமா! சிஸ்டர் அதுக்கும் சீல் குத்தி ஃபைல்ல போட்டுட்டா. இன்னொருத்தி கருஞ்சீரகத் தேன குடுத்தனுப்பியிருக்கா, எதுக்குள்ள எண்டு நெனைக்கிறீங்க? சம்போ போத்தலுக்குள்ள! அந்தப் பொடியன் தேன எடுத்துத் தலையில தேச்சிட்டு வகுப்புல இருந்தான் தம்பி, இடைவேளைக்கிடையில எறும்பு வரிசை கட்டி வந்திட்டு. அண்டைக்குத்தான் சிஸ்டர் ‘அதது வந்த பெட்டியில’ எண்ட சட்டத்துக்குக் கீழ செவப்பு மையால கோடு போட்டா. எனக்குக் கழுவிக் கழுவிக் கை மரத்துப் போச்சி.

சிரிக்கிறீங்களா? சிரிங்க, சிரிங்க. ஆனா அந்த ஸ்க்ரூ ட்ரைவர சேட்டுப் பொக்கட்டுல குத்திக்கிட்டு ஸ்கூலுக்குள்ள வரப்படா. தெரியும், தெரியும், எஞ்சின் கழட்டிக்கிட்டு நிண்டவர் அப்பிடியே ஓடி வந்திருக்கீங்க. சிஸ்டர் கண்டா அதுக்கும் ஒரு ஃபோம் நீட்டுவா.

பூட்ட உடைக்கிறதா? சேசு மரி சூசை! அந்தக் கதைய விடுங்க. பூட்ட உடைச்சா சிஸ்டர் ஏன் எண்டு கேப்பா. ஏன் எண்டு கேட்டா திறப்பு எங்க எண்டும் கேப்பா. கொஞ்சம் பொறுங்க, கட்டிலுக்குக் கீழ பாக்குறன். இந்த இடுப்போட குனியிறதெண்டா... ஆஅ... ஜன்னலால பாருங்க, படகு நிக்கிற ஜெட்டி தெரியுது. ரெண்டாவது வரிசையில கடசியா நிக்கிறது உங்கட றுஷ்னாதானே? அந்த ஒறேஞ்ச் லைஃப் ஜக்கெட் பிள்ளைக்கு முழங்கால் மட்டும் வருது! குதிக்கிறா பாருங்க. ரெண்டு கிழமையா என்ட காதுக்குள்ள அந்தப் பிள்ளைக்கு இதே கதைதான். அன்டி, உச்சமுனையில கழுத இருக்காமே! அன்டி, கண்டல் காட்டுக்குள்ள படகு போகுமாமே! அன்டி, நீங்களும் வாங்களன்! நான் போனா சிக் ரூம ஆரு பாக்குற?

ரெண்டாவது திறப்பா? ஏன் கேக்குறீங்க. இருந்திச்சி. ஒஃபிஸ்ல ஹஸ்மி கிளாக்கர்ட கையில இருந்திச்சி. அந்த ஆள் விற்றமின் சீ குளிசைய மிட்டாய் சூப்புற மாதிரி சூப்புவார் தம்பி. மாசம் முடியக்குள்ள போத்தல்ல பஞ்சு மட்டும்தான் மிஞ்சும். நான் விடுவனா? சிஸ்டர்ட்ட போய் சண்ட புடிச்சி அந்தத் திறப்ப வாங்கிட்டன். வாங்கி நல்ல பத்திரமா வச்சிருக்கன். எங்கயா? அலுமாரிக்குள்ளதான். ஆணியில தொங்குது.

...அப்பிடிப் பாக்காதீங்க.

சரி, சரி, கேக்க வாறது தெரியுது. பம்ப் ஏன் அலுமாரிக்குள்ள? பிள்ளைட பொக்கட்டுல இருந்திருந்தா இந்தக் கரச்சலே இல்லையே எண்டு கேக்கப் போறீங்க. சிஸ்டர் அப்பிடித்தான் சொன்னா. டொக்டரும் அப்பிடித்தான் எழுதித் தந்தார். ஒம்பதாம் பக்கத்துல அதுக்கெண்டே ஒரு ஃபோம் இருக்கு, நீங்களும் பிள்ளைட உம்மா மர்ளியாவும் சைன் வச்சித் தந்தீங்க. என்ட கையெழுத்துத்தான் பாக்கி. நான் வைக்கல்ல. ஓம், நான்தான். நான்தான் சொன்னன், சின்னப் பிள்ளையள் சாமான் தொலைக்கும் சிஸ்டர், கண்ட கண்ட இடத்துல போட்டுட்டு வரும், என்ட கையில இருந்தா ஒருநாளும் தொலையாது எண்டு. நெஞ்சில அடிச்சிச் சொன்னன். அதுல என்ன பிழை? பதினொரு வருசம் தம்பி!

கட்டிலுக்குக் கீழ ஒரு செருப்பு, ஒரு பென்சில், நாலு விற்றமின் சீ. பாத்தீங்களா, ஹஸ்மி! இங்க வந்தும் சூப்பியிருக்கார்!

என்ன அது, கீச்... கீச்... எண்டு? அணிலா? இந்தக் கூரையில அணில் குடியிருக்கு. அதுக்கும் சிஸ்டர் ஃபோம் குடுத்திருப்பா. நான் இந்த மெத்தையக் கிளப்பிப் பாக்குறன், நீங்க அப்பிடியே நில்லுங்க. இருங்க, யோசிக்கிறன். வெள்ளிக்கிழம பின்னேரம் பூட்டினன். பூட்டித் திறப்ப லேஞ்சித் துண்டு முனையில முடிஞ்சன். எப்பவும் அப்பிடித்தான், லேஞ்சிய இடுப்புல சொருகினா அசையாது. சனிக்கிழம சமையல். நேத்து தலவில அன்னம்மா கோயில் திருநாள். அம்மாடி, என்ன சனம்! நீர்கொழும்பு, சிலாபம், மன்னார் எண்டு பஸ் பஸ்ஸா வந்து இறங்கியிருக்கு. ஒரு செருப்பு போச்சி. மத்தத என்ன செய்யிற, அதையும் கழட்டி எறிஞ்சிட்டு வெறுங்காலோட நடந்தன். மணல் சுட்ட சூட்டுக்கு நான் ஆடின ஆட்டத்தப் பாத்து ஒரு சிங்கள அம்மா நேத்திக்கடனுக்கு ஆடுறன் எண்டு நெனச்சி கும்பிட்டுட்டுப் போனா!

நேத்தி எண்டதும்தான்... உங்கள்ட்ட ஒண்டு சொல்லணும். சொல்லாமத்தான் இருந்தன். நீங்க கோவிக்கப்படா. நான் இந்த மெத்தையப் பாத்துக்கிட்டே சொல்றன், முகத்தப் பாத்தா எனக்கு வராது.

ஜூன் மாசம் றுஷ்னாக்கு இழுத்திச்சே, ரெண்டாவது பாடத்துக்குள்ள. நீங்க வந்து சேரக்குள்ள பிள்ள கட்டில்ல இருந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டு இருந்திச்சி, நீங்க அதத்தான் கண்டீங்க. அதுக்கு முன்னுக்குள்ளது உங்களுக்குத் தெரியாது. தூக்கிக்கிட்டு வரக்குள்ள உதடு நீலம் தம்பி. ரெண்டு தரம் பம்ப் அடிச்சன், பத்தல்ல, புத்தகத்துல உள்ள மாதிரி எண்ணி எண்ணித் திரும்ப அடிச்சன். பிள்ள என்ட சட்டையப் புடிச்சிக்கிட்டு என்ட முகத்தையே பாக்குது. நான் சிரிச்சிக்கிட்டு இருக்கன், ஒண்டுமில்ல மகள், ஒண்டுமில்ல மகள் எண்டுக்கிட்டு. உள்ளுக்குள்ள கத்துறன், அன்னம்மா தாயே, இந்தப் பிள்ளைக்கு மூச்சக் குடு, வெள்ளியில ஒரு நெஞ்சு அடிச்சிக் கொண்டாந்து ஒன்ட காலடியில வைக்கிறன் எண்டு. நீங்க பள்ளிவாசலுக்குப் போற ஆக்கள். உங்கட பக்கத்தால நீங்க துஆ கேப்பீங்க, அது எனக்குத் தெரியும். நான் என்ட பக்கத்தால கேட்டன். அவ்வளவுதான்.

ஆ... அணில் சத்தம் நிண்டுட்டு.

...தொடங்கிட்டு. நல்லது, அதுவும் அதுட வேலையப் பாக்கட்டும். எட்டு இருவதாயிருக்கும் என்ன? காத்து எழும்புறதுக்கு முந்தி போகணும் எண்டு படகுக்காரர் கத்துறது இங்க வரைக்கும் கேக்குது. ஒண்டும் யோசிக்காதீங்க, கண்டு புடிச்சிருவன். நேத்து நான் நேத்திய செலுத்திட்டன் தம்பி! புத்தளத்துல சொல்லி அடிச்ச வெள்ளி நெஞ்சு, விரல் நீளம் வராது, தகடு, ஊதினாப் பறக்கும். லேஞ்சிட ஒரு முனையில திறப்பு முடிச்சு, மத்த முனையில நெஞ்சு முடிச்சு. காணிக்கைப் பெட்டிக்கிட்டப் போகக்குள்ள பின்னால இருந்து ஆயிரம் பேர் தள்ளுறாங்க. கண்ண மூடிக்கிட்டு முடிச்ச அவுத்தன், ஓட்டைக்குள்ள போட்டன், றுஷ்னாட பேரச் சொன்னன். அது விழுந்த சத்தம்! டங் எண்டு! அப்பவே நெனச்சன், ஊதினாப் பறக்குற வெள்ளி இவ்வளவு பாரமா விழுமா எண்டு. அன்னம்மா சந்தோசமா ஏத்துக்கொண்டா, அதான் அந்தச் சத்தம் எண்டு நெனச்சிக்கிட்டு அழுதுக்கிட்டே வந்தன் தம்பி!

இந்தா லேஞ்சி. இதுல ஒரு முன அவுந்து கிடக்கு. இது நெஞ்சு முடிஞ்ச முன. மத்தது இன்னும் இறுக்கமா... இந்தா பாத்தீங்களா, முடிச்சு! நான் சொன்னனே! வீட்டுல தேடல்ல, பேக்குல தேடல்ல, இடுப்புலயே இருக்கு! பல்லால அவுக்குறன், இருங்க... ம்ம்... இந்தா வருது...

...

இது நெஞ்சு.

ஐயோ, தம்பி. இது நெஞ்சு! வெள்ளி நெஞ்சு என்ட கையில இருக்கு! அப்ப தலவிலப் பெட்டிக்குள்ள டங் எண்டது... அன்னம்மாக்கு நான் சிக் ரூம் திறப்பையா குடுத்தன்? றுஷ்னாட பேரச் சொல்லித் திறப்பையா போட்டன்? அதுக்கு அழுக வேற அழுதனே! தம்பி, நான் இப்ப என்ன செய்ய, படகு போகப் போகுது, பிள்ள அங்க... நீங்க அந்தப் பூட்டையே உடைங்க, சிஸ்டர் வந்தா வரட்டும், என்ன ஏசினாலும் பரவாயில்ல, உடைங்க தம்பி...

தம்பி?

மஸாஹிர் தம்பி?

சேசுவே! அலுமாரிக் கதவு சுவர்ல சாத்தி நிக்குது. கதவுப் பிணைச்சல் நாலும் கழண்டு, ஸ்க்ரூ ஆணியெல்லாம் மேசையில வரிசையா அடுக்கி... பூட்டு பூட்டினபடியே இருக்கு! ரெண்டாவது திறப்பு உள்ளுக்குத் தொங்கி ஆடுது. கீச் கீச் எண்டு கேட்டது அவர்ட ஸ்க்ரூ ட்ரைவர்... அணிலாம், அணில்! நான் ஒரு மொக்கி!

றுஷ்னாட பம்ப் இல்ல. கொண்டு போயிட்டார். இது என்ன, பேனய மேல வச்சிட்டு ஒரு ஃபோம்... ஒம்பதாம் பக்கத்து ஃபோம். என்ட கையெழுத்து வாற கோட்டுக்கு நேரா புள்ளி போட்டுட்டுப் போயிருக்கார். கீழ, ‘வேறு குறிப்புகள்’ல என்ன எழுதியிருக்கு? கண்ணாடி எங்க... ‘அன்டி, ஞாயிற்றுக்கிழம தலவிலைக்கு நான் ஓட்டோல கூட்டிட்டுப் போறன். நெஞ்சக் குடுத்துட்டுத் திறப்பக் கேட்டு வாங்குவம்.’

அப்ப எனக்கு முந்தி அவருக்கு விளங்கியிருக்கு! வாயத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாமே! அது சரி, நான் எங்க இடம் குடுத்தன்.

ஆரும் இல்லாத இடத்துல நான் ஆரோட கதைக்கிறன்... இந்தா, வச்சிட்டன் கையெழுத்து. எமிலியா. திகதி. நேரம், எட்டு இருவத்தாறு. சிஸ்டர் வந்து கதவப் பாத்தா, கதவுக்கு ஃபோம் எத்தனையாம் பக்கத்துல எண்டு நானே கேட்டுருவன்! அங்க பாரு, வாப்பா ஜெட்டியில முழங்கால் போட்டு பம்ப பிள்ளைட பொக்கட்டுக்குள்ள வச்சி சிப்ப இழுத்து மூடுறார். மெரினா டீச்சர் தலையாட்டிட்டா. ஏத்திட்டாங்க! பிள்ளைய ஏத்திட்டாங்க! இந்தப் பக்கம் கை காட்டுறா... இந்தா மகள், நான் இங்க நிக்கிறன்! நல்லாப் பாத்துட்டு வா! கழுதைய நான் கேட்டன் எண்டு சொல்லு!

றுஷ்னா! அடியேய் றுஷ்னா! பம்ப் கவனம்! கண்ட கண்ட இடத்துல போட்டுத் தொலைச்சிட்டு வந்திராத!