மேனேஜரம்மா போட்ட பிரேஸ்

தலைமை ஏற்று, தன் முதுகுத்தண்டு தப்பித்தவறியும் சாயாமல் அமர்ந்திருக்கும் எங்கள் தலைமை மருத்துவர் அம்மா அவர்களே! "மூச்சை இழு, பிடி" என்று சொல்லிவிட்டு, "விடு" என்று சொல்ல மறந்து தேநீர் குடிக்கப் போய்விடும் எங்கள் எக்ஸ்ரே அண்ணன் அவர்களே! பட்டை தைத்து, பஞ்சு ஒட்டி, பக்கிள் பூட்டி, இடையிடையே பாட்டும் பாடும் தையல் அக்காமார்களே! பெற்றதோடு பொறுப்பு முடிந்தது என்று இராமல், பிள்ளைக்கு முதுகுப் பிரேஸ் மாட்டி, மாட்டியதற்குத் தினம் தினம் திட்டும் வாங்கிய வீரத் தாய்மார்களே! அந்தத் திட்டை அடுத்த அறையில் கேட்டும் கேளாதவர்களாகச் செய்தித்தாள் படித்த தந்தைமார்களே! (யாரும் மறுக்கவில்லை. தாய்மார்கள் குறித்துக்கொள்ளுங்கள்.) எல்லாருக்கும் மேலாக, இன்றோடு பிரேஸைக் கழற்றிப் போட்டுவிட்டு முதல் வரிசையில் மூன்று நாற்காலியை ஆக்கிரமித்திருக்கும் பதினைந்து வயது வாயாடி அவர்களே! எல்லாருக்கும் வணக்கம். நன்றாகக் குனிந்தே வைக்கிறேன். எனக்குத்தான் யாரும் பிரேஸ் மாட்டவில்லையே!

பிரேஸ் கழற்றும் இந்த விழாவில் பேச என்னை அழைத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவருக்கு ஒரு பிரேஸ் செய்து போட்டுவிடுவேன். நான் பேச்சாளன் இல்லை. பிளாஸ்டிக் தகட்டைச் சூடுபடுத்தி, உடம்பின் அச்சில் இழுத்துப் போர்த்தி, வெட்டித் தேய்த்து முதுகுக் கவசம் செய்கிறவன். இயந்திரத்தோடு பேசிப் பழகியவன். அது கை தட்டாது. ஆனால் நடுவில் எழுந்தும் போகாது. என்ன ஐயா, கடைசி வரிசையில்? சத்தம் கேட்கவில்லையா? உங்களுக்கு நல்ல காலம், அப்படியே இருங்கள்!

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். பிள்ளையின் முதுகுத்தண்டு பக்கவாட்டில் ஏன் வளைகிறது? பள்ளிப் பை தூக்கியதாலா? இல்லை! கோணலாகப் படுத்துப் படம் பார்த்ததாலா? இல்லை! அம்மா பேச்சைக் கேட்காததாலா? அங்கே ஒரு அம்மா "ஆமா, ஆமா" என்று தலையாட்டுகிறார். இல்லை அம்மா, இல்லவே இல்லை! பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் யாருக்கும் தெரியாது. வளர்கிற வயதில் தண்டு தன் போக்கில் ஒரு வளைவு எடுக்கிறது. வளர்ச்சி முடியும்வரை அதற்கு மேல் வளையாமல் பிடித்து வைப்பதுதான் எங்கள் வேலை.

எப்படிப் பிடிக்கிறோம்? இறுக்கியா? இறுக்குவதற்கு ஒரு கயிறு போதுமே, நான் எதற்கு? வளைவு பிதுங்கும் பக்கம் ஒரு அழுத்தம் வைப்போம். அதற்கு நேர் எதிரே, பிரேஸுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் விடுவோம். தள்ளினால் மட்டும் போதாது, தள்ளப்பட்டது போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். மூச்சு போக இடம். விலா விரிய இடம். விழுந்து விழுந்து சிரிக்க இடம்! அந்த வெற்றிடம் இல்லாவிட்டால் அது பிரேஸ் இல்லை, பெட்டி.

எங்கள் பட்டறையில் தையல் அக்காமாரைத் தவிர இருவர் வேலை செய்தோம். கணினித் திரையில் வரைகிறவன் நான். பிள்ளைக்கு மாட்டிச் சரிபார்க்கிறவள் என் மனைவி. மாட்டும் அறையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தரையில் சம்மணம் போட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து, "ஷூ லேஸ் கட்டு. பின்னாடி திரும்பு. இப்போ எதிரியை முறைக்கிற மாதிரி முறை" என்று வரிசையாகச் செய்யச் சொல்வாள். எங்கள் படிவத்தில் உயரம், எடை, வளைவு, பட்டை அளவு என்று பதினான்கு கட்டங்கள் உண்டு. பதினைந்தாவதாக அவளே பேனாவால் ஒரு கட்டம் போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தாள்: "சிரிச்சாச்சா?" பிரேஸ் மாட்டிய பிள்ளை அதோடு ஒருமுறை வயிறு குலுங்கச் சிரித்தால்தான் அதில் டிக் விழும். டிக் விழுந்தால்தான் பிரேஸ் வீட்டுக்குப் போகும். நான் கேலி செய்வேன்: "இது என்ன, சர்க்கஸ் கம்பெனியா?" அவள் சொல்வாள்: "உங்க வரைபடத்தை நான் நம்புறேன். அதுங்க வயித்தை அதைவிட அதிகமா நம்புறேன்."

காய்ச்சல் என்று படுத்தாள். பதினோரு நாள். அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் வேலைக்கு வந்துவிட்டேன். வீட்டில் சுவர் இருந்தது, இங்கே திரை இருந்தது. வரைந்தேன், வெட்டினேன், மாட்டினேன். பதினைந்தாவது கட்டத்தில் மட்டும் ஒரு கோடு போட்டு விட்டுவிட்டேன். அப்படிக் கோடு போட்ட நாளில் வந்தவர்தான் இந்த வாயாடி. அப்போது வயது பன்னிரண்டு. வளைவு முப்பத்தொரு டிகிரி. மாட்டினேன். அவள் சொன்னாள்:

"அண்ணா, சிரிச்சா வலிக்குது."

நான் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்: "அப்போ சிரிக்காத."

பாருங்கள், அரங்கமே அமைதியாகிவிட்டது. அன்று அந்த அறையும் இப்படித்தான் இருந்தது. எனக்கு மட்டும் கேட்கவில்லை.

சோகமாகாதீர்கள்! இனிமேல்தான் கதையே இருக்கிறது.

ஒவ்வொரு பிரேஸுக்குள்ளும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சென்சார் வைப்போம். வெதுவெதுப்பாக இருந்தால் போட்டிருக்கிறார்கள், ஆறிப்போனால் கழற்றிவிட்டார்கள். அதிலிருந்து யாரும் தப்ப முடியாது. மூன்று மாதம் கழித்து வாயாடியின் கணக்கை எடுத்தோம். ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம்! டாக்டரம்மா கன்னத்தைக் கிள்ளி, "தங்கம்டி நீ!" என்றார்.

பிறகு எக்ஸ்ரே வந்தது. முப்பத்தெட்டு.

கிள்ளிய கை அப்படியே நின்றது. அவ்வளவு நேரம் போட்டும் ஏழு டிகிரி ஏறியிருக்கிறது! நாற்பத்தைந்தைத் தாண்டினால் கத்திதான். "இன்னும் மூணு மாசம் பார்ப்போம். நிக்கலேன்னா ஆபரேஷன் பத்திப் பேசணும்" என்றார். வாயாடியின் அம்மா பிரேஸை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

நான் சென்சார் வரைபடத்தைப் பார்த்தேன். முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். பிள்ளைகள் முதுகில் எங்கள் சென்சாரில் சூடு முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டாது. இது முப்பத்தேழரை காட்டுகிறது. மூன்று மாதமாகவா காய்ச்சல்? நாளைக்கு ஐந்து முறை கழற்றியிருக்கிறது. பள்ளிக்கூட நேரத்தில் அசையவே இல்லை. ஒன்பதாவது வாரத்திலிருந்து இருபத்து மூன்று மணி நேரம்! பிரேஸை வாங்கி உள்ளே பார்த்தேன். முடி. செம்பட்டையும் வெள்ளையுமாக. பிள்ளையின் முடியோ கன்னங்கரேல்.

"வீட்ல பூனை கீனை ஏதாவது இருக்கா?"

"ஐயோ சார், எனக்கு அதுங்களைக் கண்டாலே ஆகாது. ஒண்ணும் கிடையாது" என்றார் அம்மா.

வாயாடி மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"மாடியில?" என்றேன்.

"மாடியில... மேனேஜரம்மா இருக்காங்க."

"எந்த மேனேஜரம்மாடி?" என்றார் அம்மா.

"பூனைம்மா. நாள் பூரா தூங்கும். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கரெக்டா எந்திரிக்கும். அதான் அந்தப் பேரு."

(எங்கள் மேனேஜர் ஐயா மேடையில்தான் இருக்கிறார். ஐயா, விழித்திருக்கிறீர்களா?)

"பிரேஸை அதுக்கா குடுத்த?" என்றேன்.

"உள்ள பஞ்சு இருக்குல்ல, அதுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதுலதான் மூணு குட்டி போட்டிருக்கு. இன்னைக்கு இங்க எடுத்துட்டு வரணும்னு அட்டைப் பெட்டிக்கு மாத்தினேன். மூஞ்சிலேயே பிறாண்டிடுச்சு."

"அடிப்பாவி! தினமும் சாயங்காலம் முதுகைத் தட்டித் தட்டிப் பார்த்தேனே! டொக்கு டொக்குன்னு கேட்டுச்சே!"

"அது வாளிம்மா."

"என்ன வாளி?"

"பழைய நீல வாளியை வெட்டிச் சட்டைக்குள்ள கட்டிக்கிட்டேன்."

"அந்த நீல வாளியா? அவதான் எடுத்துட்டான்னு பக்கத்து வீட்டுக்காரியோட நான் மூணு மாசமாப் பேசலயேடி! உன் முதுகுக்குன்னு அளவெடுத்துச் செஞ்சதுடி இது!"

"பூனைக்குக் கரெக்டாப் பொருந்துதும்மா. எனக்குத்தான் பொருந்தல."

எனக்குள் என்ன அறுந்தது என்று தெரியவில்லை. சிரித்தேன். நாற்காலியில் சிரித்து, மேசையைப் பிடித்துச் சிரித்து, தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர். அம்மா பயந்துபோய், "சாருக்கு யாராவது தண்ணி குடுங்க" என்றார். வாயாடி நிதானமாக என் மேசைக்குப் போனாள். தன் படிவத்தை எடுத்தாள். என் பேனாவை எடுத்தாள். பதினைந்தாவது கட்டத்தில், நான் போட்ட கோட்டின் மேலேயே, கொட்டையாக ஒரு டிக் போட்டாள்.

"ஏய், அது நீ சிரிக்கணும்" என்றேன்.

"யாருன்னு அதுல எழுதலையே" என்றாள்.

தரையிலேயே உட்கார்ந்தபடி கேட்டேன்: "எங்க வலிக்குது? காட்டு." அவளும் பிரேஸை மாட்டிக்கொண்டு, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து காட்டினாள். இடப்பக்க விலா. வெற்றிடம் இருக்க வேண்டிய அதே இடம். உள்ளங்கை நுழைய வேண்டிய இடத்தில் என் சுண்டுவிரல் நுழையவில்லை. திரையில் வழவழப்பாக்குகிற ஒரு பொத்தான் இருக்கிறது. அந்த நாட்களில் பள்ளம் எங்கே தெரிந்தாலும் எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதை அழுத்தி, அழுத்தி, எல்லாவற்றையும் நிரவிவிட்டேன். கணினி தவறு செய்யவில்லை. பூனை தவறு செய்யவில்லை. வாயாடி வாய்விட்டுச் சொன்னாள். தவறு என்னுடையது. அன்று அவளிடம் சொன்னேன், இன்று உங்கள் எல்லார் முன்னாலும் சொல்கிறேன்: மன்னித்துவிடு வாயாடி. சிரிக்காதே என்று எந்தப் பிள்ளையிடமும் இனி சொல்லமாட்டேன்.

கோடு போட்ட படிவங்களை எண்ணினேன். நாற்பத்தொன்று. நாற்பத்தோரு வீட்டுக்கும் போன் போட்டேன். "வணக்கம், உங்க பிள்ளைக்குச் சிரிச்சா வலிக்குதா?" ஒரு அப்பா "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். இன்னொரு அம்மா, "சார், நாங்க எந்தப் போட்டியிலயும் கலந்துக்கல" என்றார். ஒன்பது பிரேஸ்களைத் திரும்பச் செய்தோம். முதல் பிரேஸ் வாயாடிக்கு.

மாட்டும் நாள் வந்தது. சிரிக்க வைக்க வேண்டும். எனக்கோ நகைச்சுவை வராது. மூன்று ஜோக் சொன்னேன். தையல் அக்கா, "தம்பி, நீ மிஷினைப் பார்த்துக்கோ" என்றார். கடைசியில் வாயாடியே தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "பக்கத்து வீட்டு ஆன்ட்டி வாளியைத் திருப்பிக் குடுத்துட்டாங்களா?" என்றாள். அவ்வளவுதான்! அம்மா சிரித்தார், அக்கா சிரித்தார், வாயாடி குலுங்கினாள். விலா விரிந்தது, வெற்றிடம் நிறைந்தது, வலி வரவில்லை. டிக்!

புது பிரேஸோடு எடுத்த எக்ஸ்ரே: பத்தொன்பது. வெயிலில் போட்டாள், வேர்வையில் போட்டாள், வகுப்பில் எவனோ "ஆமை" என்று கூப்பிட்டபோது அவன் கையாலேயே தட்டச் சொல்லி டொக்கு டொக்கு காட்டினாள். இரண்டேகால் வருடம்! வளர்ச்சி முடிந்தது. நேற்று, பிரேஸ் இல்லாமல் எடுத்த எக்ஸ்ரேயை டாக்டரம்மா விளக்கில் வைத்தார். எத்தனை? சொல்லுங்கள், எத்தனை? இருபத்தேழு! கத்தி இல்லை! தையல் இல்லை! கைதட்டல் எனக்கு வேண்டாம், அங்கே தட்டுங்கள், அந்த முதுகில்... மெதுவாக, மெதுவாக, இன்று அது வெறும் முதுகு!

கழற்றிய பிரேஸ் யாருக்கு என்று கேட்டேன். "வரிசையில காத்திருக்காங்க அண்ணா" என்றாள். மேனேஜரம்மாவுக்கு இது மூன்றாவது பிரசவம். வாயாடியின் அம்மாவே பஞ்சு மாற்றித் தரச் சொல்லிவிட்டார்.

அந்தப் படிவம் இன்னும் பழையபடியேதான் இருக்கிறது. நகல் எடுத்து எடுத்துப் பதினைந்தாவது கட்டத்தின் எழுத்து மங்கிவிட்டது. "டைப் அடிச்சிடலாமே தம்பி" என்றார் தையல் அக்கா. வேண்டாம் என்றேன். அவள் கையால் எழுதிய முதல் தாளைத் தேடி எடுத்து, அதிலிருந்தே புதிதாக நகல் எடுத்தேன். இதோ, ஒன்று கையில் இருக்கிறது. நோயாளி பெயர்: இந்த அரங்கம். உயரம், எடை: கேட்டால் அடிப்பீர்கள். பதினைந்தாவது கட்டம்: சிரிச்சாச்சா?

கடைசி வரிசை ஐயாகூட சிரிக்கிறார். அவருக்குக் காது கேட்டிருக்கிறது!

டிக் போட்டாச்சு. வீட்டுக்குப் போகலாம். இவ்வளவு நேரம் முதுகு சாயாமல் கேட்ட உங்களுக்கு என் நன்றி. வணக்கம், இந்த முறையும் குனிந்தே!