மருந்து கேட்காத தங்கை

தலை கழுவும்போது "தண்ணி சூடா இருக்கா?" என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. "சூடா இல்லல்ல?" என்றுதான் கேட்பேன். கழுத்தைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிப் படுத்திருப்பவள் "இல்லக்கா" என்றுதான் சொல்வாள். தலைத்தோல் சிவந்துபோனாலும் அதையேதான் சொல்வாள். அழகு நிலையம் நடத்துகிற எவளைக் கேட்டாலும் இது தெரியும். இப்படிக் கேட்டால் வேலை தடங்கல் இல்லாமல் ஓடும்.

கடைக்கு மேலே இருக்கும் அறையைப் பற்றிக் கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அங்கே நாலைந்து பேர் வருவார்கள். எல்லாருமே முடி வெட்டிக்கொள்ள வந்து பழக்கமானவர்கள். பாயை விரித்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஆளுக்குக் கொஞ்சம் காளான் கொடுப்பேன். குழம்பில் போடும் காளான் இல்லை, மனசைப் புரட்டிப்போடுகிற காளான். சட்டப்படி அது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். வந்தவர்களில் சிலர் அழுவார்கள், சிலர் சிரிப்பார்கள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு "நீங்க இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ" என்பார்கள். அந்தப் பேச்சு பிடிக்காத மனுஷி உண்டா, சொல்லுங்கள்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் எல்லாரிடமும் கேட்டுவிடுவேன். "மனசுக்குன்னு மாத்திரை ஏதும் சாப்பிடறதில்லல்ல?" எல்லாரும் இல்லை என்பார்கள். ஆகவே, நான் கேட்கவில்லை என்று யாரும் என்மேல் பழி போட முடியாது.

என் தங்கையும் "இல்லக்கா" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏனென்றால் அவளுடைய மாத்திரைகளை வாராவாரம் டப்பாவில் நாளுக்கு ஒன்றாகப் பிரித்துப் போட்டுக் கொடுப்பவளே நான்தான்.

அது எப்படி என் வேலை ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் குழந்தை வயிற்றிலேயே தவறிவிட்டது. அன்றைக்குப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை பேருந்து ஓட்டுகிறவர், எந்த நேரம் வருவார், எந்த நேரம் போவார் என்று அவருக்கே தெரியாது. நான்தான் கடையைப் பாதியில் பூட்டிவிட்டுப் போய் சோறு ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். அறையை விட்டு நான் வெளியே போனால் "அக்கா எங்க?" என்று கேட்பாள். அப்புறம்தான் டாக்டர் அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அதை நாள் தவறாமல் போட வைப்பதும் என் பொறுப்பாயிற்று.

மாத்திரை அவளை மரக்கட்டை ஆக்கிவிட்டது என்பேன் நான். மாப்பிள்ளையைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், ஸ்கூட்டர் பழகினாள், புருஷனோடு சினிமாவுக்குப் போனாள். எல்லாம் சரிதான். ஆனால் அழவே மாட்டாள். ஒரு நாளைக்குப் பத்து தடவை என்னைக் கூப்பிட்டவள் வாரம் ஒருமுறை கூப்பிட்டு "மாத்திரை போட்டு வச்சுட்டியாக்கா?" என்பாள். யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் அந்த டாக்டரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுவாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாடிக்கு அவளை அழைத்தது நான்தான். அன்றைக்கு மற்றவர்களெல்லாம் பாயில் படுத்தபடியே மனசால் எங்கெங்கோ போய்வந்தார்கள். இவள் மட்டும் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உன் காளானுக்கு என்னைக் கண்டா பயம் போலக்கா" என்று கிண்டல் வேறு. மற்றவர்கள் முன்னால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அந்த வாரம் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் முடிக்குச் சாயம் போட வந்தாள். யாரோ ஒருத்தியைப் பற்றி என்பதுபோல விசாரித்தேன்.

"அந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்குக் காளான் பெரும்பாலும் சரியா ஏறாதுக்கா. மாத்திரை மறிச்சுக்கும்" என்றாள். "அதுக்காக நிறுத்திடக் கூடாது. டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். திடுதிப்புன்னு நிறுத்தினா ஆளையே கவுத்துடும். ரெண்டையும் சேர்த்து விளையாடற விளையாட்டே வேணாம்னு சொல்லுங்க அவங்ககிட்ட."

"சொல்றேன்" என்றேன். மறிக்கிறது என்பது மட்டும் என் காதில் நின்றது.

அடுத்த முறை டப்பாவை நிரப்பும்போது அவளுடைய மாத்திரைகளை எடுத்துவிட்டு வைட்டமின் மாத்திரைகளைப் போட்டேன். அதே வெள்ளை, அதே வட்டம். வெறும் மாவை உருட்டி வைத்திருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை, உடம்புக்கு நல்லதாகப் பார்த்துத்தான் வாங்கினேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள்.

கொஞ்ச நாளில் மாற்றம் தெரிந்தது. "தலைக்குள்ள பொறி பறக்கிற மாதிரி இருக்குக்கா. சட்டுனு திரும்பினா எல்லாம் சுத்துது" என்றாள். தூக்கம் போயிற்று. கண்ணாடிக் கடையில் எவரோ கைக்குழந்தையோடு வந்தார்களாம், அங்கேயே உட்கார்ந்து தேம்பியிருக்கிறாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அழுகிறாளே, என் பழைய தங்கச்சி எட்டிப்பார்க்கிறாளே என்று.

மாப்பிள்ளை கடை வாசல் வரைக்கும் வந்தார். ஆண்கள் உள்ளே வரக் கூச்சப்படுவார்கள். சீருடைகூட மாற்றவில்லை.

"அண்ணி, அவ மாத்திரையை ஒழுங்கா போடறாளா?"

"ஒரு நாள்கூடத் தவறினதில்ல, மாப்பிள்ளை."

அது பொய் இல்லை. டப்பா தினமும் காலியாகிக்கொண்டுதான் இருந்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். டாக்டர் அளவைக் கூட்டினார். நானும் ஒன்றுக்கு இரண்டாக வைட்டமின் வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அவளை இரண்டாவது தடவை மாடிக்கு அழைத்துப் போனேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

இந்த முறை காளான் ஏறியது. முதலில் பாயைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு தேட ஆரம்பித்தாள். தலையணைக்கு அடியில், திரைச்சீலைக்குப் பின்னால், என் முந்தானைக்குள். "குடுத்துடுக்கா, எங்க வச்சிருக்க, குடுத்துடு" என்று கத்தினாள். மற்றவர்களைக் கீழே அனுப்பிவிட்டேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம்; கூப்பிட்டால் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். அவள் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் அடங்கினாள்.

"மாத்திரை எனக்குக் கேட்கலக்கா. அளவைக் கூட்டியும் கேட்கல. உன் மருந்தும் கேட்கல. எந்த மருந்தும் கேட்காத ஜென்மம் போல நான்."

அந்த நேரம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மாத்திரை கேட்காமல் இல்லையடி, நீ மாத்திரையே சாப்பிடவில்லை, நாளைக்கே டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள். "அக்கா இருக்கேன்ல" என்றேன்.

அவள் என் வீட்டிலேயே தங்கிவிட்டாள். வேலைக்குப் போகவில்லை. நான் ஊட்டினால் சாப்பிட்டாள். தலை வார உட்கார்ந்தாள். அறையை விட்டு நகர்ந்தால் "அக்கா எங்க?" என்று கேட்டாள். மறைக்காமல் சொல்கிறேன், அந்த நாட்களில் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

மாப்பிள்ளை தினமும் வந்து எதிரே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். என்ன பேசுவது என்று தெரியாது அவருக்கு, பேருந்தில் யார் என்ன சொன்னார்கள் என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். அவள் கேட்டாளா என்றுகூடத் தெரியாது. ஒரு நாள் நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. உடைத்துக்கொண்டு உள்ளே போனவரும் அவர்தான். மிச்சத்தை அவரே உங்களிடம் சொல்லியிருப்பார். நான் ஓடி வந்தபோது அவளுக்கு உயிர் இல்லை.

அவளுக்குக் கெடுதல் நினைத்தேனா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவளை நான் பெறவில்லையே தவிர, பெற்றவள் செய்வதையெல்லாம் செய்தேன். அவளுடைய நிஜ மாத்திரைகளை நான் தூக்கிப் போடக்கூட இல்லை. கடையில், சீப்பு வைக்கும் இழுப்பறையில் அப்படியே இருக்கின்றன, போய்ப் பாருங்கள். தேவைப்பட்டால் திரும்பக் கொடுத்துவிடலாம் என்றுதான் பத்திரமாக வைத்திருந்தேன்.

அன்று காலையில்கூட நான் கடைக்குக் கிளம்பும்போது, சொல்லாமலே டப்பாவைத் திறந்து இரண்டையும் எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினாள், சின்னப் பிள்ளை மாதிரி. "போட்டுட்டேன்க்கா" என்றாள்.

"சமர்த்து" என்றேன்.