பூனைக் கரண்டியில் ராஜா தலை

என் பெயர் டெஸ்மண்ட் தாக்ரே, வயது அறுபத்தெட்டு. லட்லோ ஊரில் கோட்டைத் தெருவில் பழைய வெள்ளிச் சாமான் கடை வைத்திருக்கிறேன். கிளெனிஸ் ப்யூ என்பவர் மீது நான் இந்தப் போலீஸ் நிலையத்தில் ஏற்கனவே கொடுத்த வாக்குமூலம் தவறு. யாரும் வற்புறுத்தாமல் இதைக் கொடுக்கிறேன்.

ஈஸ்டருக்கு முன்பு திருமதி வினிஃப்ரெட் ஓக்லி தம்முடைய ஆறு வெள்ளிக் கரண்டிகளை மதிப்பிட என்னை வீட்டுக்கு அழைத்தார். லண்டன் முத்திரையில் சிங்கமும் வருடத்தைக் காட்டும் சின்ன 'எஃப்' எழுத்தும் தெரிந்தன. அந்த எழுத்து 1781-க்கும் உண்டு, 1821-க்கும் உண்டு. பிந்தையதென்றால் வரி கட்டியதற்கு அடையாளமாகப் பக்கத்தில் ராஜா தலை இருக்கும். எனக்குத் தலை தெரியவில்லை. பூதக்கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது. ஒரு கையில் கேக், மறு கையில் கரண்டி. பெரிய மேதாவி போல 1781 என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு போன வாரம் மறுபடி போனபோது ஐந்து கரண்டிகள்தான் இருந்தன, ஐந்திலும் ராஜா தலை பளிச்சென்று இருந்தது. ஓக்லி அம்மாவைக் கவனித்துக்கொள்ள வரும் கிளெனிஸ்தான் பழையதை எடுத்துக்கொண்டு பிந்தையதை வைத்துவிட்டார் என்று நானே போலீசுக்குப் போன் செய்தேன்.

"வெந்நீர்ல போட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சேன், அவ்வளவுதாங்க" என்றார் கிளெனிஸ்.

"ராஜா தலை என்ன, தேய்ச்சா முளைக்குமா?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அன்றே அவருக்கு வேலை போனது.

அதன் பிறகு நேற்று அங்கே போனபோது, ஓக்லி அம்மா பூனைக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தார். கையில் ஆறாவது கரண்டி. "ஒண்ணு காணோம்னு நீங்க கத்துனப்ப வாயைத் திறக்க வெட்கமா இருந்துச்சு, மிஸ்டர் தாக்ரே. இதுல குடுத்தாத்தான் அது சாப்பிடும்" என்றார். வாங்கிப் பார்த்தேன். ராஜா தலை இருக்க வேண்டிய குழியில் பழைய பாலிஷ் மாவு வெள்ளையாக இறுகியிருந்தது. பல்குச்சியால் குத்தினேன். தலை வந்தது. மற்ற ஐந்திலும் கிளெனிஸ் எடுத்தது அந்த அழுக்கைத்தான்.

அதன் பிறகு நேராக இங்கே வந்திருக்க வேண்டும். கடையின் பெயர் கெட்டுவிடுமே என்று ஒரு ராத்திரி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் கூசுகிறது. காலையில் கிளெனிஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் கதவை முழுதாகத் திறக்கவில்லை. "எங்கிட்ட மெதுவா சொல்லி என்னங்க ஆகப் போவுது? அங்க சத்தமா சொன்னீங்கள்ல, அங்கயே போய்ச் சொல்லுங்க" என்றார்.

அதனால் வந்தேன். மேலே சொன்னது முழுவதும் உண்மை. முன்பும் இப்படிச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன். இம்முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

(ஒப்பம்) டெ. தாக்ரே