பச்சை எண்ணெய்

தையல் ஆலையின் தீயணைப்பு பம்பு தானாகப் பழுதாகவில்லை; அதை உள்ளிருந்தே அரிக்கவிட்டுக் கொன்றார்கள். கொன்றவர்களில் நானும் ஒருவன். பெயரும் முகவரியும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் உள்ளன. வயது முப்பத்திரண்டு. அந்த ஆலையில் ஒன்பது ஆண்டுகளாக பம்பு மெக்கானிக்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், துணி வாங்கும் பெரிய கம்பெனிக்காரர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று சொல்லி, பம்பு எஞ்சினின் தொட்டியில் டீசலுக்குப் பதிலாக, தாவர எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசலை நிரப்பும்படி மேலாளர் உத்தரவிட்டார். சுற்றுச்சூழலுக்கு நல்லதென்பதால் அதைப் பச்சை எண்ணெய் என்றே எல்லோரும் சொன்னோம். அப்போது அதன் நிறம் மஞ்சள். அதன் பிறகு தொட்டியிலிருந்து எஞ்சினுக்கு எண்ணெய் போகும் இரும்புக் குழாயைக் கழற்றிவிட்டுச் செம்புக் குழாய் போடச் சொன்னார். செம்பு துருப்பிடிக்காது, பார்க்கப் பளபளவென்று இருக்கும் என்றார். எனக்கும் சரியென்று பட்டதால் நானே பொருத்தினேன். செம்பு பட்டால் அந்த எண்ணெய் சீக்கிரம் கெட்டு அமிலமாகும், அந்த அமிலம் செம்பையே தின்னும் என்பதை எண்ணெய் விற்றவர் தீ விபத்துக்குப் பிறகுதான் சொன்னார்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை எஞ்சினை ஓட்டிப் பார்த்து வந்தேன். புகை வெள்ளைத் துணியில் படிகிறது என்று மேலாளர் அதை நிறுத்தினார். ஓட்டாமலே ஓட்டியதாகப் பதினான்கு மாதம் பதிவேட்டில் கையெழுத்திட்டது நான்.

போன மாதம் வடிகட்டியைத் திறந்தேன். உள்ளே மூக்குச்சளி போலக் கொழகொழவென்று பச்சையாக இருந்தது. பழைய பெயின்ட்டும் வாந்தியும் கலந்த நாற்றம். விரலில் ஒட்டியது சோப்புக்கும் போகவில்லை. அன்று என்னால் சோறு பிசைய முடியவில்லை. அதை ஒரு டம்ளரில் வழித்துக்கொண்டு போய் மேலாளரிடம் காட்டினேன். "பச்சை எண்ணெய் பச்சையா இல்லாம சிவப்பாவா இருக்கும்? போய் வேலையப் பாருப்பா" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

கடந்த செவ்வாய் காலை பதினொரு மணிக்குத் தையல் பிரிவில் தீப்பிடித்தது. நான் எஞ்சினை முடுக்கினேன். மூன்று முறை இருமிவிட்டு நின்றது. குழாயின் மூட்டு அரித்து ஒழுகியது. எண்ணெயைத் தள்ளும் பாகம் பிசின் பிடித்து இறுகிவிட்டிருந்தது. என் அக்கா அந்தப் பிரிவில்தான் தைக்கிறாள். "தம்பி, தண்ணியத் தொறடா" என்று அவள் கத்தியது பம்பு அறை வரை கேட்டது. தண்ணீர் வரவில்லை. அவளுக்கு இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் நான் ஊட்டுகிறேன், வாயைத் திறக்கிறாள், என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அதன் பிறகு மேலாளர் பதிவேட்டைக் காட்டி, வாராவாரம் நன்றாக ஓடிய எஞ்சினை மெக்கானிக்தான் கெடுத்தான் என்று புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். கையெழுத்து என்னுடையதுதான். மறுக்கவில்லை.

நான் சொல்லச் சொல்ல போலீஸ் எழுத்தர் எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டியதும் இல்லை, விட்டதும் இல்லை, எல்லாம் நடந்தபடியே.

(கையெழுத்து)

கையெழுத்துக்குக் கீழே, என் கையால் எழுதுவது: ஆலையின் இரண்டாம் கட்டடத்துத் தீயணைப்பு பம்பிலும் இதே எண்ணெய், இதே செம்புக் குழாய். இந்த நிமிடம் அங்கே நூற்று அறுபது பேர் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலையிலிருந்து நான்கு முறை வாயால் சொன்னேன், மேலே எழுதப்படவில்லை. அந்தத் தொட்டியை இன்றே காலி செய்து டீசல் நிரப்பச் சொல்லுங்கள்.