ஏணியைக் கீழே பிடித்தவன் பேசுகிறேன்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, துறைத் தலைவர் அவர்களே, ஆலை உரிமையாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அம்மையாரின் கணவர் அவர்களே, அவர்களின் மகளே, மாணவ மாணவியரே, இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே, அம்மையாரின் இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்த அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். வாசலிலேயே நாலு பேர் என் காதைக் கடித்துவிட்டார்கள். "சார், மேடம் ஏணியிலேருந்து விழுந்துட்டாங்களாமே?" இல்லை ஐயா, இல்லை! ஏணியிலிருந்து விழுகிற ஆளா அவர்? மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படித்துக்கொண்டே கண் அயர்ந்தார். எழுந்திருக்கவில்லை. மருத்துவர் இதயம் என்றார். "அந்த ரிப்போர்ட்டைப் படிச்சா யாருக்கும் தூக்கம்தான் வரும்" என்றார் மகள், அழுகைக்கு நடுவே. தாயைப் போல பிள்ளை!

எரிசக்தித் துறையின் மூத்த பேராசிரியர், நிறுவனப் பொறுப்பு ஆய்வு மையத்தின் தலைவர் என்றெல்லாம் அம்மையாரைப் பற்றி அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் எந்தத் தொழிற்சாலைக் காவலாளிக்காவது இது புரியுமா? ஏணியம்மா என்று சொல்லிப் பாருங்கள், வாசல் கேட் தானாகத் திறக்கும்!

அவர் கொதிகலன்களில் தொடங்கியவர். எரிக்கிற நிலக்கரியில் எவ்வளவு சூடு வீணாகிறது என்று ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில்தான் நிறுவனங்கள் பளபளப்பான தாளில் வாக்குக் கொடுக்க ஆரம்பித்தன. இயற்கையைக் காப்போம், ஊருக்குப் பொறுப்பாக இருப்போம், அடுத்த தலைமுறைக்கு மிச்சம் வைப்போம்! அம்மையார் எல்லாவற்றையும் படித்தார். "குழாய்ல சூடு கசிஞ்சா கையை வெச்சுப் பாத்துடலாம். குடுத்த வாக்கு கசிஞ்சா எங்கப்பா கையை வெக்கிறது?" என்று உடன் வேலைபார்த்த என்னைக் கேட்டார். அவர் அந்தக் கேள்விக்கே தம் மிச்ச ஆயுளைக் கொடுத்தார்.

பதில் பெரும்பாலும் கூரைமேல் இருந்தது. சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கிறோம் என்று அவர்கள் காட்டும் தகடுகள் அங்கேதானே இருக்கின்றன? ஆனால் பாருங்கள், நாங்கள் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் அன்றைக்கென்று ஏணி இருக்காது! "மேடம், ஏணி ரிப்பேருக்குப் போயிருக்கு." "ஏணி வெச்ச ரூம் சாவி மேனேஜர்கிட்ட இருக்கு, மேனேஜர் லீவு." ஓர் இடத்தில், "ஏணியா? அப்படி ஒண்ணு நம்மகிட்ட இருந்துச்சா என்ன?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார்கள். அம்மையார் சண்டை போட்டாரா? புகார் கொடுத்தாரா? அலுமினியத்தில் ஒரு மடக்கு ஏணி வாங்கிக் காரின் தலையில் கட்டிக்கொண்டு போய் நின்றார்!

ஏறுவது அவர், கீழே பிடிப்பது நான். எனக்கு உயரம் என்றாலே உதறல். வீட்டில் பல்பு மாற்றக்கூட என் மனைவியைத்தான் நாற்காலியில் ஏற்றுகிறவன் நான்.

ஏறியவர் தகடுகளை எண்ணிவிட்டு இறங்கிவிடுவாரா? மாட்டார். தகட்டிலிருந்து புறப்படும் மின்கம்பியைப் பிடித்துக்கொண்டே போவார். அது எங்கே முடிகிறதோ அங்கேதான் அவர் பேனாவைத் திறப்பார். இதோ, மேடையில் இருக்கிறாரே நம் உரிமையாளர், அவர் அனுமதியோடு சொல்கிறேன். அவருடைய பழைய ஆலையில் கூரை கொள்ளாமல் தகடுகள். அம்மையார் கம்பியைப் பிடித்தார். அது தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியது, பின்சுவர் வழியாக இறங்கியது, புல்வெளியைக் கடந்தது, முன்வாசலுக்கு வந்து ஒரு விளக்குப் பலகைக்குள் நுழைந்தது. பலகையில் என்ன எழுதியிருந்தது? "இந்த ஆலை சூரிய ஒளியில் இயங்குகிறது!" அந்தப் பலகை மட்டும்தான் சூரிய ஒளியில் இயங்கியது!

சிரிக்கிறார், பாருங்கள். அன்றைக்குச் சிரிக்கவில்லை! "இன்ஜினியர் பண்ணதுக்கு நான் என்னம்மா பண்றது?" என்று குதித்தார். "பலகையில உங்க பேருதானே இருக்கு? அப்ப கம்பியும் உங்களுதுதான்" என்றார் அம்மையார். எங்கள் மையத்துக்குக் கொடுத்துவந்த பண உதவியை உரிமையாளர் நிறுத்தினார். அம்மையார் தம் அறிக்கையில் ஒரு வரியைக்கூட வெட்டவில்லை. ஒரு வரியைச் சேர்த்தார்: "பலகை பிரமாதமாக எரிகிறது." அடுத்த ஆண்டு இவரே போன் செய்தார். "அம்மா, கம்பியை மாத்தியாச்சு. ஏணியோட வாங்க." போனோம். கம்பி நேராக இயந்திரக் கூடத்துக்குள் போனது. அம்மையாருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! சொந்த வீட்டுக்குக் கரண்டு வந்ததுபோல் கை தட்டினார்.

அவர் இல்லாதது எனக்குத் தாங்கவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இன்னொன்றும் உறுத்துகிறது. இயக்குநர் அவர்கள் போன வாரம் என்னை அழைத்தார். "அவங்களே போயிட்டாங்க. இனிமே யாருங்க கூரை கூரையா ஏறுறது? கம்பெனிக்காரங்களே போட்டோ எடுத்து அனுப்பட்டும். பாத்துட்டு சர்டிபிகேட் குடுத்துடலாம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனால் ஐயா, போட்டோவில் தகடு தெரியும். கம்பி போகிற இடம் தெரியுமா? அப்படிச் செய்தால் அம்மையாரின் வேலையையும் சேர்த்தல்லவா வழியனுப்புகிறோம்?

இந்த ஆண்டு இன்னும் பார்க்க வேண்டியது ஒரே ஒரு கட்டடம். அதுவும் நம் உரிமையாளரின் புதுக் கட்டடம். நாளை மறுநாள் போவதாக அம்மையார் சொல்லி வைத்திருந்தார். ஏணி எங்கே என்கிறீர்களா? அவர் கணவர் கொண்டுவந்து மண்டப வாசலில் சாத்தியிருக்கிறார். உள்ளே வரும்போது பாதிப்பேர் அதில் இடித்துக்கொண்டீர்கள்!

ஆகவே இந்த அவையின் முன் உறுதி சொல்கிறேன். நான் ஏறுகிறேன்! சிரிக்காதீர்கள். கால் நடுங்கும். நடுங்கினால் நடுங்கட்டும், நடுங்கிக்கொண்டே ஏறுவேன். ஆனால் கீழே பிடிக்க ஆள் வேண்டும். யார் வருகிறீர்கள்?

உரிமையாளர் ஐயா, தயவுசெய்து கையை இறக்குங்கள்! உங்கள் கூரையில் நான் இருக்கும்போது ஏணி உங்கள் கையில் இருந்தால் எனக்கு நல்லதில்லை. ஆஹா, இயக்குநர் அவர்களே கை தூக்குகிறார்! அப்படியானால் போட்டோ யோசனை போயிற்றா? தலையாட்டிவிட்டார். எல்லோரும் பார்த்தீர்கள், அவையே சாட்சி!

சற்றுப் பொறுங்கள். அம்மையாரின் கணவர் எழுந்து நிற்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.

"நான் புடிக்கிறேங்க. ஒரு தடவைகூட அவ என்னைக் கூப்பிட்டதில்ல. 'நீங்க மேல பாத்துப் பயந்துடுவீங்க'ன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போயிடுவா."

ஐயா, வாருங்கள். நீங்களே பிடியுங்கள். மேலே பார்க்க வேண்டாம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறேன். அது எங்கே போய் முடிகிறது என்று அங்கே நின்று உங்களைத்தான் முதலில் கூப்பிட்டுச் சொல்வேன்.