வெற்றுத்தாளுக்குக் கிடைத்த நாற்பத்தொன்று

காவல் நிலைய உட்கூடத்தில், உதவி ஆய்வாளர் முன்னிலையில், முற்பகல் பதினோரு மணி முதல் நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிக்கொண்டது.

என் பெயரும் தந்தையார் பெயரும் இத்தாளின் தலைப்பில் உள்ளன. கல்லூரியில் என்னைக் 'கத்தரிக்கோல்காரர்' என்றால்தான் தெரியும். அகவை ஐம்பத்திரண்டு. அச்சகத்துக்குப் பின்தெருவில், மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்தளப் பின்பகுதியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவன். கல்லூரியின் தேர்வுப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். எழுதி வரும் விடைத்தாளின் முகப்பில் மாணவர் பதிவெண் உள்ள சீட்டைக் கத்தரித்து, அவ்விடத்தில் மறைவெண்ணை ஒட்டி, தாள்களை நூலிட்டுக் கட்டித் திருத்துவோருக்கு அனுப்புவது என் வேலை. எந்தத் தாள் எவருடையது என்பதைக் கடைசியாகப் பார்க்கும் கண்கள் என்னுடையவை.

எனக்கு மக்கள் மூவர். மூத்தவள் மகள். அவளுக்குப் பின், ஒரே பேற்றில் இரட்டையராகப் பிறந்த மகனும் மகளும். மூவரும் அதே கல்லூரியில் சேர்ந்தவர்கள். என் மனைவி பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் துளை தைத்துக் கொடுக்கிறாள். எங்கள் இருவர் வருவாயில் வாடகையும் உணவும் போக ஒரு பிள்ளையின் கட்டணத்துக்கே மூச்சு முட்டும். ஆயினும், ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவரின் பெயர் பதிவேட்டில் இருந்தால் இளைய பிள்ளைக்குக் கட்டணம் இல்லை என்று கல்லூரியில் ஒரு சலுகை உண்டு. அதற்குரிய விண்ணப்பத்தை ஒவ்வொரு பருவமும் மூத்தவளே நிரப்புவாள். அவள் விரல் வைத்த இடத்தில் நான் கையொப்பமிடுவேன். படித்துப் பார்த்ததில்லை.

மூத்தவள் விலங்கியல் பயின்றாள். இறுதித் தேர்வில் எல்லாத் தாள்களிலும் முதல் வகுப்பு. பூச்சியியலில் மட்டும் சுழியம். அதன் பின்னர் அரையாண்டுக்கு ஒருமுறை மீண்டும் இருமுறை எழுதினாள்; இருமுறையும் சுழியம். இதற்கிடையே ஆய்வகப் பணி ஒன்று தேடி வந்தும், பட்டம் இல்லை என்பதால் கைநழுவியது. அவள் ஜெராக்ஸ் எடுக்கும் கடையில் நின்றுகொண்டே வேலை செய்தாள். வீட்டில் நான் கடிந்துகொண்டேன்.

"வண்டும் கொசுவும் பத்துப் பக்கம்தானேம்மா. அதுகூடவா மண்டையில ஏறல?" என்றேன்.

"விடுங்கப்பா. அக்கா பென்ஷன் வாங்கிட்டுத்தான் காலேஜை விட்டு வெளிய வருவா," என்றான் மகன்.

அவள் சிரித்தாள். தங்கையின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

நான்காம் முறை அவள் தேர்வு எழுதியது சென்ற பருவத்தில். சொந்தப் பிள்ளையின் தாளைத் தொடக்கூடாது என்பது எங்கள் பிரிவின் விதி. அவ்வேலையைச் செய்ய வேண்டிய மற்றோர் உதவியாளர் கால் முறிந்து விடுப்பில் இருந்தார். கட்டில் என் மகளின் தாள் இருப்பதை நான் எவரிடமும் சொல்லவில்லை. பூச்சியியல் கட்டைப் பிரித்து, அவள் பதிவெண் வந்ததும் கத்தரிக்காமல் தாளைப் புரட்டினேன். ஓர் எழுத்தும் இல்லை. ஆனால் முப்பத்திரண்டு பக்கங்களிலும் ஓரக்கோடு மட்டும் அளவுகோல் வைத்து, பிசிறில்லாமல் போடப்பட்டிருந்தது. மூன்று மணி நேரமும் அவள் கோடு போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறாள் என்று விளங்கிற்று. அச்சத்தால் கை ஓடவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

அதன் பின்னர், மறுநாள் அவளுடைய பாடக் குறிப்பேட்டை உணவுப் பையில் வைத்துக் கொண்டுசென்று, நண்பகல் இடைவேளையில் தாள்கட்டுகள் வைக்கும் அறையின் கதவை உட்புறம் தாழிட்டு, வினாத்தாளில் உள்ள சொற்களைக் குறிப்பேட்டில் தேடித் தேடி, கிடைத்த இடங்களை நீலப் பேனாவால் அத்தாளில் படியெடுத்தேன். இரண்டு நாள் இடைவேளை பிடித்தது. வெட்டுக்கிளியின் வாயுறுப்புகளை வரைந்தேன். எழுதியவற்றில் ஒரு வரியும் எனக்கு விளங்கவில்லை. பிறகு சீட்டைக் கத்தரித்து, மறைவெண் ஒட்டிக் கட்டி அனுப்பிவிட்டேன். எவரும் என்னைத் தூண்டவில்லை. மகளுக்கும் தெரியாது.

சென்ற வாரம் முடிவு வந்தது. தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும், நாற்பத்தொன்று கிடைத்திருந்தது. நான் இனிப்புப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனேன். மூத்தவள் அலைபேசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பொட்டலத்தைப் பார்த்தாள். "இது எப்படி வரும்?" என்றாள். மனைவி, "படிச்சா வராதா? வாயைத் திற," என்று ஊட்டப் போனாள். அவள் வாய் திறக்கவில்லை. எனக்குக் குழப்பமாக இருந்தது. மகிழ்ச்சியில் சிலர் அப்படித்தான் இருப்பர் என்று மனைவி சொன்னாள்.

அதன் பின்னர் நேற்றுக் காலை அவள் தனியே தேர்வு அலுவலரிடம் சென்று, தான் எழுதாத தேர்வில் தேறியிருப்பதாகவும், அதை உடனே நீக்க வேண்டும் எனவும் எழுத்தில் கேட்டிருக்கிறாள். அவர் பணியாற்றிய இருபது ஆண்டுகளில் அப்படி ஒரு முறையீடு வந்ததில்லையாம். தாளை எடுத்துவரச் செய்து அவளிடம் காட்டியிருக்கிறார். அதைப் பார்த்த நொடி முதல், எழுதியவர் யாரென்றே தெரியாது என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. வேறு ஆளுக்குப் பணம் கொடுத்து எழுத வைத்து, பேரம் கெட்டதால் வந்து நிற்கிறாள் என்று முடிவு செய்து, அவர் காவல் நிலையத்துக்கு எழுதிவிட்டார். இன்று காலை ஒன்பது மணிக்கு அவளை இங்கு விசாரணைக்கு அழைத்து வந்தனர். செய்தி கேட்டு நான் ஓடிவந்தேன்.

இக்கூடத்தின் நீளப் பலகையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க ஏம்ப்பா வந்தீங்க? யாருன்னே தெரியலன்னு சொல்லிட்டேன்ல," என்றாள்.

"தெரிஞ்சுதானே சொல்லாம இருந்த?"

"உங்க 'ழ'வோட வாலை எனக்குத் தெரியாதா?"

"ஏம்மா வெறுந்தாளைக் குடுத்த? பயமா?"

"பயமா? புத்தகத்தை மூடிட்டுக் கேளுங்க. மூச்சு விடாம சொல்றேன்."

அதன் பின்னர் அவள் சொன்னதை மூன்று முறை கேட்டபிறகே நான் ஒருவாறு புரிந்துகொண்டேன். ஒரு தாளேனும் தேறாதவரின் பெயர் பதிவேட்டை விட்டு நீங்காது. தேர்வுக் கட்டணம் மிகச் சிறிது. அவள் பெயர் இருந்தால் வீட்டில் மூவர். அவள் தேறினால் இருவர்.

"பேரு போனா சலுகை போச்சுப்பா. ரெண்டு பேருக்கும் கட்ட நம்மகிட்ட ஏது? அப்புறம் யாரை நிறுத்துவீங்க, தம்பியையா, தங்கச்சியையா? இப்பவே சொல்லுங்க."

யாரை நிறுத்துவது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த உதவி ஆய்வாளர் எழுத்தரிடம், "பாஸாயிட்டேன்னு மகள் கம்ப்ளைன்ட். பாஸாக்கினேன்னு அப்பா சரண்டர். இதை எந்தப் பிரிவுல போடுறது ரைட்டரே?" என்றார். எழுத்தர் சட்ட நூலைப் புரட்டினார். தேர்வு அலுவலரிடம் தொலைபேசியில் கேட்டதற்கு, இத்தாளை நீக்கினால் அவள் தேர்வுக்கே வராதவளாகலாம், வந்தும் தேறாதவளாகலாம், கல்லூரியை விட்டே விலக்கப்பட்டவளாகலாம் என்று மூன்று விதமாகச் சொன்னார். எது என்று குழு கூடித்தான் சொல்லுமாம்.

பிறகு உதவி ஆய்வாளர் மகளிடம், "மறுபடி தேர்வு வச்சா ஒழுங்கா எழுதுவியாம்மா?" என்று கேட்டார்.

"எழுதுவேன் சார். நூத்துக்கு நூறு வாங்குவேன். அவங்க ரெண்டு பேரும் முடிச்ச அடுத்த நாளே வைக்கச் சொல்லுங்க."

தாளில் எழுதியது நான். விதியை மீறியது நான். என் பணி போகும் என்பதும், அது போனால் ஒரு பிள்ளையின் கட்டணமும் கடினம் என்பதும் அறிந்தே சொல்கிறேன். மகள் செய்தது குற்றமா, இல்லையா என்று எத்துணை எண்ணியும் எனக்குப் பிடிபடவில்லை. நான் கேட்பது ஒன்றே. நான் எழுதியவை அனைத்தையும் அடித்துவிட்டு, அவளுடைய சுழியத்தை அவளிடமே திருப்பித் தர வேண்டும். பெற்ற தகப்பன் எவனும் கேட்கக்கூடாததைக் கேட்கிறேன்: இன்னும் ஒன்றரை ஆண்டு என் மகள் தேறாதவளாகவே இருக்க விடுங்கள்.

எழுத்தர் உரக்கப் படித்தார்; நான் சொன்னபடியே இருந்தது. எவரும் என்னை அச்சுறுத்தவில்லை, ஆசை காட்டவுமில்லை. இதில் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. அத்தனையும் உண்மை என்று உறுதி கூறிப் பக்கந்தோறும் ஒப்பமிடுகிறேன்.

(கையொப்பம்)